டோல்கேட் புகை: காத்திருப்பைவிட நிறுத்தமே கேடு

சுங்கச்சாவடியில் காற்று கெடுவதற்கு நீண்ட வரிசைதான் காரணம் என்பது பொதுவான எண்ணம். வரிசை சுருங்கினால் புகையும் சுருங்கும், ஃபாஸ்டேக் வந்ததோடு அந்தக் கவலை தீர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். 2018-19இல் ஒரு வண்டி சாவடியில் சராசரியாக 8 நிமிடம் காத்திருந்தது, ஃபாஸ்டேக்குக்குப் பிறகு அது 47 விநாடியாகக் குறைந்தது என்பது மத்திய அரசு தரும் கணக்கு. பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 47 விநாடிக்காகவும் லாரி 60 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் போட்டு நின்று, மறுபடி முதல் கியரில் கிளம்பித்தானே ஆக வேண்டும்? சாலையோரக் காற்றைக் கெடுப்பதில் பெரும் பங்கு அந்த நிற்றலுக்கும் கிளம்பலுக்கும் உண்டு. இதைக் கடிகாரம் அளக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர டாரஸ் லாரியை எடுத்துக்கொள்வோம். 2018 திருத்தத்துக்குப் பிறகு சரக்கோடு சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட எடை 28.5 டன். 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 40 லட்சம் ஜூல். நிற்கும்போது இவ்வளவும் பிரேக் டிரம்மில் சூடாகிப் போய்விடுகிறது. பிறகு பழைய வேகத்துக்கு வர அதே ஆற்றலை டீசலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 3.6 கோடி ஜூல் இருந்தாலும், இன்ஜினையும் கியர்பெட்டியையும் தாண்டிச் சக்கரத்துக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆகவே ஒரு முழு நிறுத்தத்தின் விலை சுமார் 300 மில்லி டீசல். இதே லாரி இன்ஜினை அணைக்காமல் சும்மா நின்றால் மணிக்கு 2.5 லிட்டர் அளவில் குடிக்கும். அப்படியென்றால் 300 மில்லி என்பது ஏழு நிமிடம் இன்ஜின் ஓடியபடி நிற்பதற்குச் சமம்.

காத்திருப்பு 8 நிமிடத்திலிருந்து 47 விநாடிக்கு இறங்கியதில் சரக்கு லாரிக்கு மிச்சமானதும் இதே அளவு டீசல்தான். மிச்சமாகாத இன்னொரு 300 மில்லி, ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு சாவடியிலும் செலவழிப்பது, அப்படியே தொடர்கிறது. நாளொன்றுக்கு 5,000 கனரக வண்டிகள் கடக்கும் சாவடி என்று வைத்துக்கொண்டால் 1,500 லிட்டர் டீசல் அந்த ஒரே இடத்தில், அதுவும் சில நூறு மீட்டர் நீளத்துக்குள் எரிகிறது. லிட்டருக்கு 2.68 கிலோ என்ற கணக்கில் கரியமில வாயு மட்டும் 4 டன். காற்றைச் சுவாசிப்பவருக்குக் கரியமில வாயுவைவிட, அதனோடு சேர்ந்து வருகிற கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான் உடனடி ஆபத்து.

1.3 டன் எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து நின்று கிளம்ப ஏறக்குறைய 40 மில்லி பெட்ரோல் போதும். லாரியின் செலவில் ஏழில் ஒரு பங்கு. டோல்கேட் விவாதங்களில் கார்க்காரர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது; காற்றைப் பொறுத்தவரை நாம் பார்க்க வேண்டியது லாரிகளின் வரிசையை.

'நிற்க வேண்டாம், வேகத்தைக் குறைத்துக் கடந்தால் போதும்' என்று ஏற்பாடு செய்தால்? உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 60இலிருந்து 30க்கு இறங்கும்போதே முக்கால் பங்கு ஆற்றல் போய்விடும். முழுதாக நிற்பதைவிடக் கால் பங்குதான் மிச்சம். 40இல் கடக்க முடிந்தால் மிச்சம் 44 சதவீதம். முழு மிச்சம் வேண்டுமென்றால் வேகம் குறையாமலே கடக்க வேண்டும்.

புகை எங்கே அதிகம்

வரிசை நிற்கும் பக்கத்தில்தான் புகை அடர்த்தியாக இருக்கும் என்று தோன்றும். கம்பி தூக்கிய பிறகு உள்ள முதல் 100 முதல் 300 மீட்டரைக் கவனித்துப் பாருங்கள். நின்ற லாரி கிளம்பும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். டீசல் உடனே பாய்கிறது. ஆனால் டர்போ சுழன்று தேவையான காற்றை உள்ளே தள்ள ஓரிரு விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி சைலன்சர் வழியாகக் கறுப்பாகக் கொப்பளிக்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இதே கதைதான்: கிளட்ச் மிதிக்கும்போது டர்போ தளரும், மறுபடி அழுத்தும்போது இன்னொரு கறுப்புப் பொதி. கிளம்புவதையும் சேர்த்து, முதல் கியரிலிருந்து நான்காவது வரும்வரை நான்கு தடவை. டீக்கடையும் டயர் பஞ்சர் கடையும் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் இருக்கின்றன, சாவடி தாண்டி வண்டியை ஓரங்கட்ட அதுதானே வசதி.

லாரியின் வயது இதில் பெரிதாகப் பேசும். கனரக டீசல் இன்ஜினின் துகள் வரம்பு, ஒரு கிலோவாட் மணிக்கு, பாரத் ஸ்டேஜ் எனப்படும் அரசின் புகை விதி வரிசையில், பி.எஸ். 3 காலத்தில் 0.10 கிராம், பி.எஸ். 4இல் 0.02, 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பி.எஸ். 6இல் 0.01. பி.எஸ். 6 வண்டியில் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால் கறுப்புப் புகை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஓடும் லாரிகளில் பழையவை ஏராளம். பத்து புதிய லாரி போன பின் ஒரு பழைய லாரி போனால், அந்தப் பதினொன்றின் கரியில் பாதி அந்த ஒன்றிலிருந்தே வரக்கூடும்.

புதிய லாரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. வெளியே பலருக்கும் தெரியாதது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அதில் யூரியா கரைசல் பீய்ச்சும் அமைப்பு இருக்கிறது. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான நீர். அது வேலை செய்ய வெளியேறும் புகை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது அந்தச் சூடு தானாக இருக்கும். வரிசையில் நின்று நகர்ந்து, நின்று நகர்ந்து வரும்போது புகை ஆறிவிடும். ஆறிய குழாயில் யூரியாவைப் பீய்ச்சினால் உப்பாகப் படிந்து அடைத்துவிடும் என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி பீய்ச்சலை நிறுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் அந்த விலை உயர்ந்த அமைப்பு இருந்தும் இல்லாததுபோலத்தான். வரிசையிலிருந்து கிளம்பும் முதல் சில நூறு மீட்டரில், சூடு ஏறும்வரை, நைட்ரஜன் ஆக்சைடு தடையில்லாமல் வெளியேறுகிறது.

'புகைச் சான்றிதழ் இருக்கிறதே?' என்று கேட்கலாம். டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை, நின்ற நிலையில், கியர் போடாமல், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் புகையின் அடர்த்தியை அளக்கிறது. 28 டன்னை இழுத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது என்ன வருகிறது என்பதை அது பார்ப்பதேயில்லை. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதும் இல்லை.

குழாயிலிருந்து வராத தூசி தனிக் கணக்கு. 40 லட்சம் ஜூலை வாங்கிய பிரேக் லைனர் தேய்ந்து இரும்பு, பேரியம், செம்பு கலந்த பொடியாகிறது. டயர் தேய்கிறது. ரோட்டில் ஏற்கெனவே கிடக்கும் மண்ணைச் சக்கரங்கள் கிளப்புகின்றன. இந்தக் கடைசி வகைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சூத்திரம் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது: கிளம்பும் தூசி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் நுண்மண் கிடக்கிறது என்பதன் 0.91 அடுக்குக்கும், வண்டிகளின் சராசரி எடையின் 1.02 அடுக்குக்கும் ஏற்ப உயரும். எளிமையாகச் சொன்னால், மண் இருமடங்கானால் தூசியும் ஏறக்குறைய இருமடங்கு. எடை இருமடங்கானாலும் அப்படியே. எடையை நாம் குறைக்க முடியாது. மண்ணைக் குறைக்கலாம். சாவடியின் இரு முனைகளிலும் தார் போடாத ஓரத்தில் லாரி இறங்கி ஏறும்போதுதான் மண் ரோட்டுக்கு வருகிறது. அந்த ஓரத்துக்கு 2 மீட்டர் அகலத்தில் தளம் போட்டுவிட்டால் மூலமே அடைபடும். விளக்குமாற்றால் நனைக்காமல் பெருக்குவது நுண்மண்ணைக் காற்றில் ஏற்றும் வேலை. பெருக்குபவரின் நுரையீரலுக்கு முதல் கேடு. உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். தண்ணீர் தெளிப்பது நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும்.

யார் மூச்சில் போகிறது

ஓடும் வண்டிகள் தங்களுக்குப் பின்னால் காற்றைக் கலக்கிவிடுகின்றன; புகை அந்தச் சுழலில் நீர்த்துப் பரவுகிறது. நிற்கும் வண்டிக்கு அந்த உதவி இல்லை. மேலே சாவடியின் கூரை, பக்கத்தில் உயரமான கண்டெய்னர்கள், நடுவே ஒரு ஆள் அகலத்தில் சந்து. காற்றடிக்காத நேரத்தில் அங்கே வந்த புகை அங்கேயே தங்கும்.

இன்னொன்று, அருகிலிருந்து பார்த்தால் தெரிவது. நம் மோட்டார் வாகன விதிகளின்படி சைலன்சர் குழாயின் வாய் கீழ்நோக்கியோ இடப்பக்கமோ இருக்கக் கூடாது. இடது ஓரத்தில் நடப்பவர் மீது புகை அடிக்கக் கூடாது என்பதற்கான நல்ல விதி. எனவே லாரிகளில் அது வலப்பக்கமோ பின்னாலோ திரும்பியிருக்கும். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். ஆகவே சாவடிக் கூண்டும் வலப்பக்கம். பாதசாரியைக் காக்கும் அதே விதி, கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஊழியர் பக்கம் புகையைத் திருப்பிவிடுகிறது. கூண்டை வடிவமைப்பவர்கள் இதை மனத்தில் வைத்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலான கூண்டுகளில் இருப்பது ஒரு மின்விசிறியோ, உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும் ஏசியோதான். அது குளிர்விக்கும், சுத்தப்படுத்தாது. ஜன்னல் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும்.

சரியான வழி, கூண்டுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்படி வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளுவது. ஜன்னல் திறப்பு 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்று கொள்வோம். அதன் வழியே காற்று எப்போதும் வெளிநோக்கி விநாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால் மணிக்கு சுமார் 430 கன மீட்டர் காற்று தேவை. ஒரு நல்ல குழாய் விசிறி இதைத் தாராளமாகத் தரும். திறப்பைப் பாதியாக்கினால் தேவையும் பாதி; இப்போது கையில் பணம் வாங்குவது குறைந்துவிட்டதால் இது சாத்தியம். காற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூண்டின் பின்சுவரில் ஓட்டை போட்டு எடுத்தால் பக்கத்து லேன் புகைதான் வரும். கூரைக்கு மேலே, காற்று வரும் திசையில் குழாயை உயர்த்தி எடுக்க வேண்டும். நுண்துகள் வடிகட்டி போட்டால் அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கறுக்கும். மாதம் ஒரு தடவை பார்த்து மாற்றாவிட்டால் விசிறி ஓடும் சத்தம் மட்டும் இருக்கும், காற்று வராது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. கூண்டு ஊழியருக்கு நல்ல காற்றைச் சலுகையாகப் பார்க்கக் கூடாது. அது பணியிடப் பாதுகாப்பு.

கூண்டாவது இருக்கிறது அவர்களுக்கு. வரிசைக்கு நடுவே வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் வேர்க்கடலையும் விற்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை. சைலன்சர் உயரத்துக்கும் அவர்கள் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் சில அடிதான். எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

தூரம் கூடக்கூட நிலைமை மாறும். லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் 2002 வாக்கில் நடந்த அளவீடுகள், மிக நுண்ணிய துகள்கள் பகலில் காற்றின் திசையில் சுமார் 300 மீட்டருக்குள் சுற்றுப்புற அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டின. முதல் 100 மீட்டரில் வீழ்ச்சி மிகச் செங்குத்து. ஆனால் அதே நகரில் விடியலுக்கு முன் அளந்தபோது, நெடுஞ்சாலையின் பாதிப்பு 2 கி.மீ.க்கும் அப்பால் தெரிந்தது. இரவில் தரை குளிர்ந்து காற்று மேலெழாமல் படிந்துவிடுவதே காரணம். நம் ஊரில் இதன் பொருள் பெரியது. நகரங்களுக்குள் கனரக வண்டிகளுக்குப் பகல் தடை இருப்பதால், சரக்கு லாரிகள் இரவு 10 மணிக்கு மேல் விடியற்காலை வரை சாவடிகளைக் கடக்கின்றன. காற்று மிக மோசமாகத் தேங்கும் வேளையில் மிக அதிகப் புகை. பகலில் கார் வரிசையைப் பார்த்து மாசை மதிப்பிடுகிறவர் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார்.

உடல்நலத்துக்கு நேரடிச் சான்று உண்டா? உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் ஈசி பாஸ் என்ற மின்னணுக் கட்டண முறை வந்தபோது நடந்ததை ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். சாவடியிலிருந்து 2 கி.மீ.க்குள் வாழ்ந்த தாய்மார்களையும், 2 முதல் 10 கி.மீ.க்குள் வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மின்னணு முறை வந்த பிறகு, அருகில் வாழ்ந்தவர்களிடம் குறைப்பிரசவம் 10.8 சதவீதமும் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது 11.8 சதவீதமும் குறைந்திருந்தன. அக்கம்பக்கத்தில் வசதியானவர்கள் குடியேறிவிட்டதால் வந்த மாற்றமா என்று அறிய, வீட்டு விலையையும் தாய்மார்களின் பின்னணியையும் சரிபார்த்தார்கள்; அப்படி எதுவும் இல்லை. சாவடி அங்கேயே இருந்தது, நெடுஞ்சாலையும் அதேதான். கட்டணம் வாங்கும் முறை ஒன்றுதான் மாறியது. அதற்கே கருவிலிருக்கும் குழந்தை வரை பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒரு டேக், நூற்றைம்பது வண்டி

வரிசை ஏன் திடீரென்று நீள்கிறது என்பதை ஃபாஸ்டேக் லேனை வைத்தே பார்க்கலாம். கம்பி தூக்கி இறக்க ஒரு வண்டிக்கு 6 விநாடி என்றால் அந்த லேன் மணிக்கு 600 வண்டிகளை அனுப்பும். மணிக்கு 500 வந்தால் பிரச்சினை இல்லை. இப்போது ஒரே ஒரு வண்டி 3 நிமிடம் சிக்குகிறது. அதற்குள் பின்னால் 25 வண்டிகள் சேர்ந்துவிடும். வழி திறந்த பிறகு அந்த லேனின் உபரித் திறன் மணிக்கு 100 வண்டிதான். 25 வண்டித் தேக்கம் கரைய 15 நிமிடம் ஆகும். அந்த 18 நிமிடத்தில் வந்து சேரும் 150 வண்டிகளும் நின்று நின்று நகரும். ஒருவருடைய டேக் செய்த வேலை.

டேக் ஏன் படிக்கவில்லை? 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இந்த டேக்கில் பேட்டரி கிடையாது. கூரையில் உள்ள கருவி அனுப்பும் அலையின் ஆற்றலிலேயே பதில் சொல்லும். வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி அந்த அலையை மறைக்கும். கண்ணாடியில் ஒட்டாமல் டேஷ்போர்டில் போட்டு வைத்து, கையில் தூக்கிக் காட்டும் டேக், கோணம் மாறிப் படிக்காமல் போகும். பக்கத்து லேன் கருவி படித்துவிடவும் கூடும். இத்தகைய ஒட்டாத டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க 2025இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் முடிவெடுத்ததில் நியாயம் இருக்கிறது. இருப்பு போதாமல், விவரம் புதுப்பிக்காமல் முடங்கிய டேக்குகள் இன்னொரு வகை. சாவடிக்கு முன்னால் நின்று போனில் பணம் போட்டால், அந்தத் தகவல் வங்கி வழியாகச் சாவடியின் பட்டியலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். ஆகவே ரீசார்ஜ் புறப்படும் முன் வீட்டிலேயே முடிய வேண்டிய வேலை. லாரிகளில் அச்சு எண்ணிக்கை டேக்கில் பதிந்ததோடு ஒத்துப்போகாமல் நடக்கும் வாக்குவாதமும் லேனை அடைக்கும்.

சிக்கிய வண்டியை எடுத்துவிட லேனுக்கு அப்பால் ஓர் ஒதுக்கிடம் வேண்டும். கம்பியைத் தூக்கி வண்டியை முன்னால் விட்டு, ஓரங்கட்டி, கைக்கருவியோடு ஓர் ஊழியர் அங்கே போய்த் தீர்க்கலாம். பின்னால் 25 வண்டிகள் தேங்குவது தவிரும். இதற்குத் தேவை ஓர் ஊழியரும் 30 மீட்டர் இடமும்.

2021 மே மாதம் ஆணையம் கொடுத்த வழிகாட்டுதல் ஒன்றும் இருந்தது: உச்ச நேரத்திலும் ஒரு வண்டிக்கு 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, ஒவ்வொரு லேனிலும் 100 மீட்டரில் மஞ்சள் கோடு, வரிசை அதைத் தாண்டினால் கோட்டுக்குள் சுருங்கும்வரை கட்டணமில்லாமல் விட வேண்டும். 2024இல் ஆணையம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பொங்கல், தீபாவளி முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தில் இந்தக் கோட்டை மீண்டும் கொண்டுவந்து முறையாகப் பின்பற்றினாலே பரனூர் போன்ற இடங்களில் பெரிய வித்தியாசம் தெரியும்.

சாவடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகள், நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்கு அப்பால் சாவடி அமைய வேண்டும், காரணத்தைப் பதிவு செய்தால் குறைக்கலாம், 5 கி.மீ.க்குள் பொதுவாகக் கூடாது என்கின்றன. ஊர் வளர்வதைப் பற்றி விதியில் பேச்சில்லை. சென்னை புறவழிச்சாலையின் வானகரமும் சூரப்பட்டும் இன்று குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கின்றன. கட்டணம் தவிர்க்கக் கிராமச் சாலையில் திரும்பும் லாரிகள் இன்னொரு சிக்கல். அங்கே வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் மூன்று மீட்டர், பத்து வேகத்தடை, ஒவ்வொன்றும் ஒரு சிறு நிறுத்தம்.

மாசைக் குறைக்க வாங்கும் கட்டணமே வரிசையை உண்டாக்கிய நிலை டெல்லியில் உண்டு. நகருக்குள் வரும் சரக்கு வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணத்தை உச்ச நீதிமன்றம் 2015இல் கொண்டுவந்தது. முதலில் சிறிய வண்டிக்கு 700 ரூபாய், பெரியதற்கு 1,300, அதே ஆண்டு டிசம்பரில் இருமடங்கு. டெல்லியைக் கடந்து மட்டும் போகும் லாரிகளைத் திருப்பிவிடும் நோக்கம் சரியானது. ஆனால் எல்லைகளில் மாநகராட்சிச் சாவடிகள் முன் வண்டிகள் தேங்கின. 2025 டிசம்பரில் அதே நீதிமன்றம், ஒன்பது எல்லைச் சாவடிகளை இடம் மாற்றவோ தற்காலிகமாக நிறுத்தவோ பரிசீலிக்கச் சொன்னது. லண்டன் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் தொடங்கியபோது ஒரு கூண்டுகூட கட்டவில்லை, கேமரா மட்டும். ஸ்டாக்ஹோம் 2006இல் தொடங்கியதும் கூண்டில்லாமல்தான், எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. கட்டணம் போக்குவரத்தைக் குறைக்கும் கருவியாக இருக்கலாம், அதை வசூலிக்க யாரையும் நிறுத்தாத வரை.

தைவான் தன் நெடுஞ்சாலைச் சாவடிகள் அனைத்தையும் 2013 இறுதியில் ஒரே நேரத்தில் மூடிவிட்டு, சாலைக்குக் குறுக்கே நிறுத்திய வளைவுகளில் பொருத்திய கருவிகள் வழியே கி.மீ. கணக்கில் வசூலிக்கத் தொடங்கியது. இந்தியாவில் தடுப்புக் கம்பி இல்லாத முறைக்கு 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி, ஹரியானாவின் கரௌண்டா சாவடிகளுக்கு ஒப்பந்தமானது. இங்கே இது தடுமாறினால் காரணம் நம்பர் பிளேட்டாகவே இருக்கும்: சேறு பூசிய பிளேட், தார்பாலின் தொங்கி மறைத்த பிளேட், அலங்கார எழுத்து. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். பழைய லாரிகளிலும் அதை மாற்றி முடிப்பதுதான் முதல் வேலை. கேமரா வைத்த பிறகும் பழைய கூண்டுகளையும் தீவுத் திட்டுகளையும் இடிக்காமல் விட்டால், குறுகிய சந்துக்குள் ஓட்டுநர் எப்படியும் 30க்கு இறங்குவார்; முக்கால் பங்கு ஆற்றல் போய்விடும். இடித்துச் சமப்படுத்துவதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

அதுவரை

ஓட்டுநர் கையில் இருப்பது: அரை கி.மீ. முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருள விடுவது. நவீன டீசல் இன்ஜின் அப்போது எரிபொருளையே செலுத்தாது. நியூட்ரலில் போட்டால் செலுத்தும், பிரேக் பிடிமானமும் குறையும், அது கூடாது. புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் லைனர் தேய்வது குறையும். வரிசையில் முன்வண்டியை ஒட்டாமல் இடைவெளி விட்டு, குறைந்த கியரில் நிற்காமல் ஊர்ந்தால் பல சிறு நிறுத்தங்கள் தவிரும். கிளம்பும்போது அழுத்தி மிதிக்காமல் மெல்ல ஏற்றினால் டர்போவுக்கு அவகாசம் கிடைக்கும். கறுப்புப் புகையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காரில் இருப்பவர்கள் சாவடிக்கு அரை கி.மீ. முன்பே ஏசியை உள்சுழற்சியில் வைத்து, தாண்டிய பின் மாற்றிவிடுங்கள். நெடுநேரம் அப்படியே வைத்தால் உள்ளே கரியமில வாயு ஏறித் தூக்கம் வரும்.

அருகில் குடியிருப்பவர்கள் அளந்து பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் மலிவான லேசர் துகள் கருவிகள் 0.3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவற்றை ஏறக்குறைய பார்ப்பதேயில்லை. டீசல் துகள்களில் பெரும்பாலானவை எண்ணிக்கையில் அதற்கும் சிறியவை. அதனால் கண் எரியும் இடத்திலும் கருவி சுமாரான எண்ணைக் காட்டும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால், கடலோர மாவட்டங்களில் அது தினசரி விடியற்காலை நிலைமை, அதே கருவி தண்ணீர்த் துளியையும் தூசியாக எண்ணிக் கூட்டிச் சொல்லும்.

போக்குவரத்துப் புகையைப் பிடிக்க நைட்ரஜன் டை ஆக்சைடு குழாய்கள் பொருத்தமானவை. 7.1 செ.மீ. நீளமுள்ள சின்ன பிளாஸ்டிக் குழாய்; மேல் மூடியில் டிரை எத்தனால் அமைன் தடவிய கம்பிவலை வாயுவை உறிஞ்சிக்கொள்ளும்; மின்சாரம் தேவையில்லை. வாய் கீழ்நோக்கி இருக்க, தரையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல் கட்டுங்கள். ஓர் இடத்துக்கு மூன்று குழாய்; ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டு காட்டிக்கொடுக்கும். சாவடி தாண்டிய கிளம்பும் நீளத்தில், ரோட்டோரத்திலிருந்து 5, 20, 50, 100, 200 மீட்டரில் வையுங்கள், இரு பக்கமும். திறக்காத குழாய் இரண்டைக் குளிர்பெட்டியில் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சாவடியிலிருந்து 2 கி.மீ. தள்ளி, அதே நெடுஞ்சாலையில் வண்டிகள் நிற்காமல் ஓடும் இடத்திலும் இதே தூரங்களில் ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். இரண்டு இடத்திலும் ஓடுவது அதே வண்டிகள்தான். நிற்பது ஒன்றில் மட்டும். அந்த இரு வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் கட்டணம் வசூலிக்கும் முறையால் வந்த மாசு. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 10. மாவட்ட ஆட்சியரிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ மனு கொடுக்கும்போது சராசரிக் காத்திருப்பு நேரத்தோடு, ஒரு நாளில் எத்தனை கனரக வண்டிகள் அங்கே முழுதாக நின்று கிளம்புகின்றன, அதில் இரவு 10 முதல் காலை 6 வரை எத்தனை என்ற எண்ணிக்கையையும் கேட்டுப் பெறுங்கள். லேன் வாரியாக, நேர வாரியாக, வண்டி வகை வாரியாக அது சாவடியின் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.